மைனஸ் எண்பத்தொன்று

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. காலையில் மோட்டார் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் வாங்கி வந்தார். அரைகுறையாகக் குளித்துவிட்டு ஓடினேன்.

இந்த வருடமும் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்குக் கணக்கு நான்தான். ஆசிரியர் கூட்டத்தில் பிரின்சிபால் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பரமேஸ்வரி மேடம் கையில குடுத்துட்டா எனக்குக் கவலை இல்ல. பதினோரு வருஷமா பத்தாவது கணக்குல ஒரு பெயில் கிடையாது." கை தட்டினார்கள். தேறாத பிள்ளைகளுக்கு ஒன்பதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் பத்தில் யார் பெயிலாவார்கள் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். புதிதாக வந்திருக்கும் இயற்பியல் டீச்சர் பெனாசிரின் குரல் மாதிரி இருந்தது. அரிசியில் கல் பொறுக்குவது ஒரு குற்றமா? வேலைக்குச் சேர்ந்து ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் வாய்.

சாயங்காலம் எலெக்ட்ரீஷியன் வந்து மோட்டாரைச் சரிசெய்தான்.

ஜூலை 2, செவ்வாய்

அடுக்குகள் ஆரம்பம். வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான். எந்தப் பிள்ளை புரிந்து படிக்கிறது, எது உருப்போடுகிறது என்று இரண்டே நாளில் வெளிச்சமாகிவிடும். இரண்டின் அடுக்கு மூன்று என்றால் இரண்டை மூன்று முறை எழுதிப் பெருக்க வேண்டும், எட்டு வரும். தொண்டை வற்றச் சொன்னாலும் ஒருவன் இரண்டையும் மூன்றையும் பெருக்கி ஆறு என்பான். 2³ × 2⁴ கொடுத்தால் அடுக்குகளை மட்டும் கூட்டி 2⁷ என்று நிறுத்தாமல், கீழே இருக்கிற இரண்டையும் பெருக்கி 4⁷ என்று ஒருத்தி எழுதுவாள். பூஜ்யத்தைத் தவிர எந்த எண்ணுக்கும் அடுக்கு பூஜ்யமானால் விடை ஒன்று. அதை நம்பாமல் பூஜ்யத்தையே போட்டுவிட்டு ஒருவன் என் முகத்தைப் பார்ப்பான்.

என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. என்ன தப்பு விடை போட்டாயோ அதுவே உனக்குப் பெயர். அந்தத் தப்பு வரியைக் கரும்பலகையின் மேல் ஓரத்தில் எழுதிவைப்பேன். மறுபடி சரியாகப் போட்டுக் காட்டும்வரை வகுப்பு மொத்தமும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஒரு தட்டுத் தட்டினாலே கேஸ் போடுகிற காலம் இது. பெயர் வைத்தால் எந்தச் சட்டம் வந்து கேட்கும்? இன்றைக்கே எனக்கு ஒரு "ஆறு", ஒரு "பூஜ்யம்" கிடைத்துவிட்டார்கள். வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

மாவு ஆட்ட மறந்துவிட்டேன். உப்புமா கிண்டினேன்.

ஜூலை 4, வியாழன்

மூன்றாவது பெஞ்சில் செம்மலர் என்று ஒரு பெண். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். கொடுத்த கணக்கை மற்றவர்களுக்கு முன்னால் முடித்துவிட்டு ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என் வகுப்பில் வேப்பமரம் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கக் கூடாது. கூப்பிட்டு −3⁴ போடச் சொன்னேன். தயங்காமல் 81 என்று எழுதினாள்.

"எப்படி வந்துச்சு?"

"மைனஸ் மூணை நாலு தடவை பெருக்கினேனுங்க மிஸ். நாலு மைனஸும் சேந்தா பிளஸ் ஆயிருமுங்க."

"பிராக்கெட் எங்கடி இருக்கு?"

"இல்லீங்க மிஸ்."

"பிராக்கெட் இல்லாட்டி பவர் யாரைச் சேர்ந்தது? மைனஸையா, மூணையா?"

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். மைனஸையும் மூன்றையும் சேர்த்து அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால்தான் அடுக்கு இரண்டுக்கும் பொது. அப்போது விடை 81. குறி இல்லாவிட்டால் அடுக்கு மூன்றுக்கு மட்டும் சொந்தம். முதலில் 81 போட்டுவிட்டு, வாசலில் காத்திருக்கிற மைனஸைக் கடைசியில் சேர்க்க வேண்டும். விடை மைனஸ் 81. லட்சம் பிள்ளைகள் செய்கிற தப்பு. ஆனால் இவள் அதை வேப்பமரம் பார்க்கிற திமிரோடு செய்தாள்.

"இனி உன் பேரு எண்பத்தொன்னு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

வந்ததும் கையைத் தூக்கி, "மிஸ், சரியாப் போட்டுக் காட்டட்டுங்களா" என்றாள். போட்டாள். −3⁴ = −81. (−3)⁴ = 81. இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதி வித்தியாசமும் சொன்னாள். வழக்கப்படி பெயரை எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் முந்தின நாள் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறாள் என்று பட்டது. "இது மனப்பாடம். புரிஞ்சுதுன்னு தெரியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று உட்காரச் சொன்னேன். கரும்பலகையின் மேல் ஓரத்தில் நான் எழுதிவைத்த −3⁴ = 81 என்ற வரியை அழிக்கவில்லை.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

வாட்ச்மேன்கூட அவளை எண்பத்தொன்று என்றுதான் கூப்பிடுகிறார். காலையில் கேட்டில், "எண்பத்தொன்னு, ஐ.டி. கார்டு எங்க" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. பெயர் நிலைத்துவிட்டது. மற்றவர்களுக்கு வைத்த பெயர்கள் ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். ஆறு, பூஜ்யம் என்ற இரண்டு பையன்களைத் தவிர மிஞ்சியது இவள்தான்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய அப்பா வந்தார். சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஏனுங்க மிஸ்ஸு, ஒண்ணு கேக்கலாமுங்களா. புள்ள வூட்டுல கணக்கு நோட்டையே தொட மாட்டேங்குதுங்க. முன்னெல்லாம் நான் தறியில நிக்கறப்ப பக்கத்துல உக்காந்து போடுமுங்க. அந்தப் பேரை மட்டும் கொஞ்சம் விட்டுட்டீங்கன்னா."

"பேரு வெச்சது அவ நல்லதுக்குத்தாங்க. உறைக்கட்டும்னுதான்."

"சரிங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அப்பாக்கள் கெடுக்கிற அளவுக்குப் பிள்ளைகளை வேறு யாரும் கெடுப்பதில்லை. எங்கள் வீட்டிலும் இதே கதைதான். என் மகள் சௌம்யா பெங்களூரில் துணிக்கு டிசைன் போடப் படிக்கிறாள். வாரம் ஒரு தடவை தன் அப்பாவுக்குப் போன் செய்வாள். நான் சமையலறையில் இருக்கும்போது பேசி முடித்துவிடுவார்கள். பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியவள். மீதி நாலு எங்கே என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டேன். அதற்கு இத்தனை வருடக் கோபம்.

அக்டோபர் 8, செவ்வாய்

காலாண்டு விடைத்தாள் கொடுத்தேன். செம்மலர் முப்பத்தொன்று. ஜூன் மாதப் பரீட்சையில் எழுபத்தெட்டு வாங்கியவள். அன்றைக்கு நான் போட்ட கணக்கு சரிதான்: உள்ளே ஒன்றும் இல்லை, மேலே மட்டும் பளபளப்பு. கொஞ்சம் அழுத்திப் பார்த்ததும் உடைந்துவிட்டது.

அவள் தாளை வாங்கும்போது, "எண்பத்தொன்னுக்கு முப்பத்தொன்னு" என்றேன். சிரித்தார்கள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து பிள்ளைகளுக்காக ஆடினார்கள். நான் ஆடவில்லை. லட்டு கொடுத்தார்கள், நெய் இல்லை.

நவம்பர் 20, புதன்

எண்பத்தொன்றைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டால் சாக்பீஸ் உடைகிறது. இன்று மூன்று முறை. நடிப்பு.

ஜனவரி 20, திங்கள்

பொங்கலுக்கு சௌம்யா வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். நான் சுட்ட வெல்லக் கச்சாயத்தைத் தொடவில்லை. அவளுடைய அப்பா கடையில் வாங்கிவந்த முறுக்கைத் தின்றாள். சாப்பிடும்போது வகுப்புக் கதைகளைச் சொன்னேன், சிரிப்பாள் என்று. எண்பத்தொன்று என்ற பெயரைச் சொன்னதும் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள்.

"இன்னும் பேரு வெக்கறீங்களா அம்மா?"

அவ்வளவுதான் கேட்டாள். மறுநாள் காலை பஸ்ஸுக்கு அவர் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நம்ம புள்ளைக்கு அரைக்கால்னு பேரு வெச்சியே, ஞாபகம் இருக்கா பரமு? பின்னக் கணக்குல தப்பாப் போட்டதுக்கு. அவ கல்யாண வயசு வரைக்கும் நீ அதை விடல" என்றார். எனக்கு ஞாபகம் இல்லை. இருந்தாலும் என்ன, அதனால்தானே தொண்ணூற்றாறு வாங்கினாள். இதை அவரிடம் சொன்னேன். தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

மார்ச் 3, திங்கள்

பிரின்சிபால் கூப்பிட்டார். என் வகுப்பில் கணக்கில் தேறாமல் நிற்பவர்கள் மூன்று பேர்: ஆறு, பூஜ்யம், எண்பத்தொன்று. ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அவர்களுக்கு மட்டும் ஒரு மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தேறாவிட்டால் டி.சி. ஆறு என்பவன் பள்ளி பஸ் ஓட்டும் ஒப்பந்தக்காரரின் மகன். பூஜ்யத்தின் மாமா நிர்வாகக் குழுவில் இருக்கிறார். பிரின்சிபால் இதை இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

மறுதேர்வு நாளை. ஐந்தே கேள்வி, எல்லாம் அடுக்குகளில். மூன்று சரியாக வந்தால் பாஸ். பையன்கள் இரண்டு பேருக்கும் ஒரு வாரமாக மதிய இடைவேளையில் சொல்லிக்கொடுத்துவருகிறேன். கேள்விகளின் சாயலையும் காட்டிவிட்டேன். மூன்றாவதை அழைக்கவில்லை. அவளாகவும் வந்து கேட்கவில்லை.

ஒரு கேள்வியை அவளுக்கென்றே யோசித்து வைத்திருக்கிறேன். (−3)⁴, அடைப்புக்குறியோடு. சரியான விடை 81. ஒன்பது மாதமாக அந்த எண்ணைச் சொல்லித்தான் அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறது வகுப்பு. செத்தாலும் அதைத் தன் கையால் எழுத மாட்டாள். பயந்துபோய் மைனஸ் 81 என்பாள். புரிந்து படித்தவளாக இருந்தால் குறியைப் பார்த்து 81 எழுதட்டும். அப்படி எழுதினால் நானே பெயரை எடுத்துவிடுகிறேன். இதைவிட நேர்மையான பரீட்சை வேறு என்ன இருக்கிறது? நினைக்க நினைக்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு வெண்டைக்காய் மோர்க்குழம்பு வைத்தேன். நன்றாக வந்தது.

ஏப்ரல் 16, புதன்

மறுதேர்வு முடிந்தது. மூன்றே பேர் என்பதால் கேள்வித்தாள் அடிக்கவில்லை. கரும்பலகையில் எழுதிப்போட்டேன். வழக்கம்போல் அதைப் போனில் படம் எடுத்துப் பிரின்சிபாலுக்கு அனுப்பினேன். அவர் பதிலுக்குக் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

பையன்கள் முன் பெஞ்சில். அவள் பழைய மூன்றாவது பெஞ்சில். ஜன்னல் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. மூன்றாவது கேள்விக்கு வந்தபோது நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவை வைத்துவிட்டுக் கரும்பலகையை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. "பரீட்சையில பேச்சு என்ன?" என்றேன். குனிந்து எழுதினாள்.

ஏப்ரல் 17, வியாழன்

திருத்தினேன். 2³ × 2⁴ சரி. 7⁰ சரி. 2³ + 2⁴ என்பதற்கு 2⁷ என்று எழுதியிருக்கிறாள். கூட்டலுக்கு அந்த விதி கிடையாது. எட்டையும் பதினாறையும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டினால் இருபத்துநாலு. 5⁻² என்பதற்கு மைனஸ் 25. அடுக்கில் மைனஸ் வந்தால் விடை மைனஸ் ஆகாது, இருபத்தைந்தில் ஒரு பங்கு ஆகும். ஆக இரண்டு சரி, இரண்டு தப்பு. எல்லாம் மூன்றாவது கேள்வியில் தொங்கியது.

மைனஸ் 81 என்று எழுதியிருந்தாள். அடியில் கோடு வேறு.

சிவப்பு மையில் அடித்தேன். எனக்கு இந்தப் பிள்ளைகளைத் தெரியும் என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பையன்கள் இருவரும் 81 எழுதி, ஆளுக்கு மூன்று சரியோடு தேறிவிட்டார்கள்.

ஏப்ரல் 21, திங்கள்

ஒருவர் திருத்திய தாளை இன்னொருவர் கூட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பள்ளி விதி. இந்தத் தடவை என் தலையெழுத்து, பெனாசிர். ஓய்வறையில் நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது தாளோடு வந்து நின்றாள்.

"அக்கா, இந்தப் பொண்ணு மூணாவது கணக்கைச் சரியாத்தானே போட்டிருக்கா? பிராக்கெட் இல்லையே. மைனஸ் எண்பத்தொன்னுதானே வரும்?"

"கேள்வியில பிராக்கெட் இருந்துச்சு. அவ பாத்து எழுதுனது தப்பு."

"இல்லக்கா, அந்தப் பசங்க தாள்லயும் கேள்வி இப்படித்தான் இருக்கு. அவனுங்க போட்ட எண்பத்தொன்னுதான் தப்பு."

வைத்துவிட்டுப் போ, பார்க்கிறேன் என்றேன். டீ ஆறிவிட்டது.

மூன்று தாளையும் பரப்பிவைத்துப் பார்த்தேன். மூன்றிலும் −3⁴. மூன்று பேரும் ஒரே மாதிரி கவனக்குறைவாகப் பார்த்து எழுதியிருக்கலாம். அப்படி நடப்பது உண்டு.

பிறகு போனை எடுத்துக் கரும்பலகைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் ஓரத்தில் ஜூலையிலிருந்து இருக்கும் −3⁴ வரி. கீழே மூன்றாவது கேள்வியாக அதே −3⁴, அடைப்புக்குறி இல்லாமல். ஒன்பது மாதமாகக் கண்ணெதிரே நின்றதைக் கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது. வெளிச்சம் சரியில்லாத படம் என்றும் சொல்லலாம். ஆனால் படம் தெளிவாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் பிரின்சிபாலிடம் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அதை இங்கே எழுதிவைக்கிறேன். போனேன்.

நான் வாய் திறப்பதற்குள் அவர் எழுந்து நின்று கைகுலுக்கினார். "ரெண்டு பசங்களையும் தேத்திட்டீங்க மேடம். பஸ்காரர் நேத்தே போன் பண்ணி நன்றி சொன்னாரு. அந்தப் பொண்ணு டி.சி. தயார். நாளைக்கு அப்பாவை வரச் சொல்லியாச்சு. நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?"

மைனஸ் 81 சரி என்றால் 81 தப்பு. அவள் உள்ளே வந்தால் பையன்கள் இரண்டு பேரும் வெளியே. ஒன்றுக்கு இரண்டு. அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? பதினோரு வருடப் பெயருக்கு என்ன பதில்? பரமேஸ்வரிக்கு அடைப்புக்குறி போடத் தெரியவில்லை என்று ஓய்வறையில் நாளைக்கே பெயர் வைத்துவிடுவார்கள்.

"ஒண்ணுமில்லீங்க சார். மே மாத ஸ்பெஷல் கிளாஸ் எப்ப ஆரம்பம்னு கேக்க வந்தேன்" என்றேன்.

மதியம் பெனாசிரைத் தனியாகக் கூப்பிட்டேன். அவளுடைய வேலையை நிரந்தரமாக்குவதற்கு மூத்த ஆசிரியை என்ற முறையில் நான்தான் அறிக்கை எழுதித் தர வேண்டும். அதை இன்னும் எழுதவில்லை என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொன்னதாக யாரும் நிரூபிக்க முடியாது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "பேனா குடுங்கக்கா" என்றாள். மூன்று தாளிலும் கையெழுத்துப் போட்டாள். போகும்போது, "அவ என்கிட்ட இயற்பியல்ல எம்பது வாங்குறாக்கா" என்றாள். அது என் பாடம் இல்லை.

ஏப்ரல் 23, புதன்

அப்பாவும் மகளும் வந்தார்கள். டி.சி.யில் பிரின்சிபால் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் இரட்டைச் சடையை இறுக்கிப் பின்னி, இஸ்திரி போட்ட சீருடையில் வந்திருந்தாள். இன்றைக்கு எதற்குச் சீருடை?

"பக்கத்துல கவர்மென்ட் ஸ்கூல் இருக்குதுங்க. அங்க சேத்திப்போடலாம்னு நெனைக்கறேனுங்க" என்றார் அப்பா.

"வேண்டாங்கப்பா" என்றாள் செம்மலர். "அங்கயும் கணக்கு இருக்குதுங்க."

"ஒரே ஒரு பாடத்துக்காகப் படிப்பையே விட்டுப்போடுவியா சாமி?"

"எனக்கு மண்டை இல்லீங்கப்பா. மிஸ்ஸுக்குத் தெரியும், கேளுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். பிரின்சிபாலும் பார்த்தார். அவளும் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. நான் சொல்லப்போவதை ஒப்புக்கொள்ளத் தயாராக இருக்கிற பார்வை. ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது எனக்குத் தெரிந்தது. தெரியாமல் இல்லை.

"எல்லாருக்கும் எல்லாம் வராதுங்க" என்றேன்.

அப்பா கும்பிட்டார். "உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுத்துட்டாளுங்க" என்று மன்னிப்புக் கேட்டார். கேட் வரைக்கும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு போனாள். வாட்ச்மேன் என்னவோ சொன்னார். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்.

ஏப்ரல் 24, வியாழன்

போனில் இடம் போதவில்லை. பழைய படங்களை அழித்தேன்.

மே 12, திங்கள்

மாங்காய் ஊறுகாய் போட்டேன். அவருக்கு உறைப்பு ஆகாது என்று தனியாக ஒரு ஜாடி. சௌம்யா விடுமுறைக்கு வரவில்லை, ஏதோ பயிற்சியாம். அவர் மட்டும் பெங்களூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஊறுகாய் கொடுத்தனுப்பினேன். ஜாடி அப்படியே திரும்பி வந்தது. மறந்துவிட்டாளாம்.

பெனாசிரின் அறிக்கையை நல்லபடியாகவே எழுதிக் கொடுத்தேன். நான் யார் வயிற்றிலும் அடிக்கிறவள் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

சந்தைக்குப் போய்விட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். "வணக்கமுங்க மிஸ்" என்று குரல் கேட்டது. செம்மலர். பாவாடை தாவணி, தலைமுடியில் பஞ்சு, அப்பாவின் சட்டையில் பார்த்த அதே பஞ்சு. கையில் தூக்குப் பாத்திரம். பையைக் கொடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன் என்றாள். கொடுத்தேன். கனமாகத்தான் இருந்தது.

"என்ன பண்ற?"

"அப்பா போற பட்டறையில நூல் சுத்தறேனுங்க மிஸ்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "மிஸ், கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்த மூணாவது கணக்கு. மெஷின் ஓடறப்ப அதையேதானுங்க மனசுல போட்டுப் பாத்துட்டிருப்பேன். எப்படிப் போட்டாலும் மைனஸ் எண்பத்தொன்னுதான் வருதுங்க. எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க மிஸ்."

சந்தைக் கூட்டம். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. அவளுக்கும் எனக்கும் நடுவில் என் காய்கறிப் பை மட்டும்தான். சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நீ பிராக்கெட்டைப் பாக்கல" என்றேன்.

"பிராக்கெட் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கடன் தீர்ந்தவர்களுக்கு வருகிற மாதிரி. "அப்படீங்களா. நான் அன்னிக்கு நல்லாத்தான் உத்துப் பாத்தேனுங்க. உங்களைக் கேக்கலாம்னுகூட வாயெடுத்தேன்" என்றாள். "அப்ப என் கண்ணுதாங்க மிஸ் சரியில்ல."

பஸ் வந்தது. பையை ஏற்றிக்கொடுத்தாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் தக்காளி நசுங்கியிருந்தது. ரசம் வைத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

புது ஒன்பதாம் வகுப்பு பி. அடுக்குகள் ஆரம்பம்.

வழக்கமான தப்புகளை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று இந்த வருடம் முடிவு செய்திருக்கிறேன். −3⁴, (−3)⁴ இரண்டையும் எழுதினேன். எழுதிவிட்டு அடைப்புக்குறியைத் தொட்டுப் பார்த்தேன். சாக்பீஸ் தூள் விரலில் ஒட்டியது. இருந்தது.

"போன வருஷம் இங்க எண்பத்தொன்னுன்னு ஒருத்தி இருந்தா" என்று ஆரம்பித்தேன். வகுப்பு சிரித்தது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்து கடைசியில் படிப்பையே விட்டுப் போனாள் என்று சொன்னேன். பயம் இருந்தால்தான் கவனம் வரும். இரண்டாவது பெஞ்சில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். கண்ணாடி போட்டவள், பெயர் இன்னும் தெரியாது.

"மிஸ், அவங்க கடைசி வரைக்கும் சரியாப் போடவே இல்லையா?"

"போடவே இல்ல" என்றேன். எல்லோரையும் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.